படியேறினால் வந்த கழுத்துவலி: தன்னியக்க நரம்புக் கோளாறுள்ள ஒரு முதியவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவருக்கு வயது 68. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சியை ஒட்டிய ஓர் ஊரில் சொந்த வீடு. கீழ்த்தளம் ஒரு தையற்கடைக்கு வாடகை. மேல்தளத்தில் அவரும் மனைவியும் மகன் குடும்பமும். மேலே போக வெளிப்பக்கமாக ஒரே படிக்கட்டுதான். திருப்பம் வரை 11 படி, அதற்கு மேல் 8 படி. வீடுகளில் படியின் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. இது மேஸ்திரி கண் கணக்கில் கட்டியது. பல படிகள் 20 சென்டிமீட்டர், ஒன்றிரண்டு 22. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்.

சர்க்கரை நோய் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பாதத்தில் எரிச்சல், விரல்களில் மரத்த உணர்வு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, கால் எரிச்சலுக்கு ஒன்று. இவை ஒவ்வொன்றையும் வெவ்வேறு மருத்துவர் எழுதியிருந்தார்.

நான் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட். கழுத்துத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்ற சீட்டுடன்தான் இவர் என்னிடம் அனுப்பப்பட்டார். அவரும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். யாரென்று காட்டிக்கொடுக்கும் விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

வலியும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களும்

ஒன்றரை ஆண்டாக அவருக்குப் படியேறும்போதெல்லாம் பின்கழுத்திலும் இரண்டு தோள்களிலும் வலி. திருப்பத்தை நெருங்கும்போது தொடங்கும், மேலே போய்ச் சேருவதற்குள் கழுத்தை யாரோ பிடித்து முறுக்குவதுபோல் ஆகிவிடும் என்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்து எலும்பு தேய்மானம் என்று வந்தது. 68 வயதில் யாருக்கு எடுத்தாலும் பெரும்பாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும் என்பது வேறு விஷயம். கழுத்துப் பட்டை போட்டார், இழுவைச் சிகிச்சை எடுத்தார், தலையணையை மாற்றினார், தைலம் தேய்த்தார், வலி மாத்திரையும் அவ்வப்போது விழுங்கினார். எதற்கும் வலி அசையவில்லை.

அடுத்து இதயம். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பின் வலி நெஞ்சில் தெரியாமல் கழுத்திலோ தாடையிலோ மட்டும் வரலாம். சில சமயம் வலியே இல்லாமலும் போகலாம். படியேறினால் வருகிறது, ஓய்வெடுத்தால் போகிறது என்பதும் இதய வலியின் குணம்தான். அதனால் ஈ.சி.ஜி., எக்கோ, பிறகு ரத்தக்குழாய்ப் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். அடைப்பு ஏதும் இல்லை. இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்க யாருக்கும் உரிமை இல்லை, செய்தது சரி.

சிக்கல் இன்னோர் இடத்தில் இருந்தது. ஒவ்வொரு முறை மருத்துவரிடம் போகும்போதும் நாற்காலியில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 150-க்கு மேல் இருந்தது. மாத்திரையின் அளவு கூடியது. அம்லோடிபின் 5 மில்லிகிராம் 10 ஆனது. பிறகு சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்த இன்னொரு மாத்திரையும் காலையில் சேர்ந்தது. படிக்கட்டு அவருக்குக் கடினமான மாதங்களையும் மாத்திரை கூடிய மாதங்களையும் மனைவியின் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒன்றாக நடந்திருப்பது தெரிந்தது. அந்த அம்மா பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் மாத்திரைப் பெயரையும் மாறிய தேதியையும் குறித்து வைத்திருந்தார். இந்த நிகழ்வில் மிகவும் உதவிய ஆவணம் அதுதான்.

முதல் சந்திப்பில் கவனித்தவை

காலை எட்டு மணிக்குப் போனேன். கழுத்தை எல்லாப் பக்கமும் திருப்பச் சொன்னேன். கொஞ்சம் இறுக்கம், வலி இல்லை. தலையை அழுத்திப் பார்க்கும் சோதனையில் கைக்கு மின்சாரம் பாய்வதுபோன்ற வலி இறங்கவில்லை. கைகளின் பிடி நன்றாக இருந்தது. உட்கார்ந்தபடியே இரண்டு கையிலும் கைக்கு மூன்று கிலோ அரிசிப் பை கொடுத்தேன். தோளில் வலி வரவில்லை.

"தம்பி, கழுத்தைத் திருப்பினா ஒண்ணும் இல்ல. படி ஏறினாத்தான். அப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னு சவரம் பண்ணும்போது," என்றார்.

சவரம் என்ற அந்தச் சொல்லில்தான் விஷயம் இருந்தது. வேறு எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டேன். ரேஷன் கடை வரிசையில். வெந்நீரில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது. மதியம் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தால். எல்லாமே நிற்கும் நேரங்கள். எப்படிப் போகிறது என்றால், படுத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் மெதுவாகப் போகிறது. கழுத்து எலும்பிலிருந்து வரும் வலி இப்படிப் படுத்தவுடன் சொல்லிவைத்தாற்போல் ஓடாது. கூடவே கண் லேசாக மங்குவதும், கால் கனப்பதும் உண்டு. இவற்றை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சர்க்கரைக்காரனுக்கு இதெல்லாம் இருக்கும்தானே என்று விட்டுவிட்டார்.

ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தம் பார்த்தேன்: 168/92, நாடித்துடிப்பு 84. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 128/74. மூன்றாவது நிமிடத்தில் 112/68, நாடி 89. அந்த நிமிடத்திலேயே கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனார். படியே ஏறவில்லை, வலி வந்துவிட்டது.

நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதை நிற்கும்போது வரும் அழுத்தச் சரிவு என்று கொள்வார்கள். இவருக்கு மேல் அளவு 56 குறைந்திருந்தது. அதைவிட முக்கியமானது நாடி. அழுத்தம் இந்த அளவு விழுந்தால் இதயம் படபடவென்று ஓடி ஈடுகட்ட வேண்டும். உடலில் நீர் குறைந்தவர்களுக்கும் ரத்தம் இழந்தவர்களுக்கும் அப்படித்தான் ஆகும். இவருக்கு ஐந்தே துடிப்புதான் கூடியது. குறைந்த ஒவ்வொரு புள்ளிக்கும் நாடி அரைத் துடிப்புகூட ஏறவில்லை என்றால், ஆணை கொண்டுபோகும் நரம்பிலேயே பழுது என்று சந்தேகிக்க வேண்டும்.

அவர் ஒப்புக்கொண்டதால் படிக்கட்டிலும் பார்த்தோம். மகன் பின்னால் நிற்க, 11 படி ஏறித் திருப்பத்தில் போட்ட ஸ்டூலில் உட்காராமல் நின்றபடி அளந்தோம்: 98/60. உடனே உட்காரவைத்தோம்.

வலி ஏன் கழுத்தில் வருகிறது

நாம் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. தன்னியக்க நரம்புகள் அடுத்த நொடியே ரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. நீண்ட காலச் சர்க்கரை நோய் கால் விரல் நரம்புகளை அரிப்பதுபோல் இந்த நரம்புகளையும் அரிக்கிறது. பிடிக்கிற கை தளர்ந்துவிடுகிறது.

படியேறும்போது இன்னொன்றும் சேர்கிறது. வேலை செய்யும் தொடைத் தசைகளின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. மற்றவர்களுக்கு வேறு இடங்களில் குழாய்கள் சுருங்கிக் கணக்கு நேராகும். இவருக்கு அது நடப்பதில்லை. அழுத்தம் இன்னும் இறங்குகிறது.

இதயத்துக்கு மேலே ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் அழுத்தம் சுமார் 0.77 மி.மீ. பாதரசம் குறையும். பின்கழுத்து இதயத்துக்கு ஒரு சாண் மேலே என்றால் 15 முதல் 20 வரை கழிந்துவிடும். திருப்பத்தில் 98 என்று காட்டிய நேரத்தில் கழுத்துத் தசைக்குப் போனது 80 சொச்சம்தான். அந்தத் தசைகளோ தலையைத் தாங்குவதற்காக விழித்திருக்கும் நேரமெல்லாம் வேலை செய்பவை. போதிய ரத்தம் கிடைக்காத தசை வலிக்கும். பின்கழுத்திலிருந்து இரு தோளுக்கும் சட்டை மாட்டும் ஹேங்கர் வடிவில் பரவுவதால் இதைக் கோட் ஹேங்கர் வலி என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இதைக் குடும்பத்துக்கு விளக்கியபோது மகனுக்கு ஒரே சந்தேகம். "படுத்தா 168 இருக்கே, அப்ப அப்பாவுக்கு பிரஷர் அதிகமா கம்மியா?" இரண்டும்தான். நரம்பு பழுதானால் படுக்கும்போது ஏறுவதையும் தடுக்க முடியாது, நிற்கும்போது விழுவதையும் தடுக்க முடியாது. உட்காரவைத்துப் பார்க்கும் ஒரே ஓர் அளவு இந்த இரண்டையும் மறைத்துவிடும்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அளவுகளையும் மனைவியின் நோட்டிலிருந்த மருந்துப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி, அவருடைய சர்க்கரை மருத்துவருக்கு அனுப்பினேன். அவர் நரம்பியல் மருத்துவரையும் சேர்த்துக்கொண்டார். கை நடுக்கம், உடல் விறைப்பு, தூக்கத்தில் கைகாலை வீசுதல் ஆகியவை இருக்கின்றனவா என்று நரம்பியல் மருத்துவர் பார்த்தார். பார்க்கின்சன் வகை நோய்களிலும் இதே சரிவு வரும் என்பதால். இல்லை. ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. பல ஆண்டுகள் சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுபவர்களுக்கு இது நடக்கிறதுதான். நரம்புப் பழுதை அது மேலும் கெடுக்கும். ஊசி தொடங்கினார்கள்.

மருந்துகள் மாறின. சிறுநீர் பிரிக்கும் மாத்திரை நின்றது. காலை அம்லோடிபின் நின்றது. கால் எரிச்சலுக்கு எழுதியிருந்த அமிட்ரிப்டிலின், நிற்கும்போது அழுத்தத்தை இறக்கக்கூடியது என்பதால் மெல்லக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார்கள். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் ரத்தக்குழாயையும் தளர்த்தும்; அதையும் சிறுநீரியல் மருத்துவரைக் கேட்டு மாற்றினார்கள். படுக்கும்போது ஏறும் அழுத்தத்துக்கு இரவில் மட்டும் லோசார்ட்டன். வலி மாத்திரைகளை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள்: சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் கசிவு இருந்தது, அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது, இந்த வலிக்கு அவை வேலையும் செய்யவில்லை. இவற்றில் எதையும் நோயாளி தானாகச் செய்யக் கூடாது. ஒரு மருந்தை நிறுத்தினால் இரவு அழுத்தம் எகிறலாம். அதனால்தான் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுச் செய்தார்கள்.

உப்பு பற்றி ஒரு விவாதம் நடந்தது. இணையத்தில் படித்த மருமகள், நின்றால் அழுத்தம் குறைபவர்கள் உப்பு நிறையச் சாப்பிட வேண்டுமாம் என்று மோரில் கூடுதல் உப்பும் தட்டில் ஊறுகாயும் வைக்கத் தொடங்கியிருந்தார். நின்றவுடன் இதயம் படபடக்கும் இளவயதுக்காரர்களுக்கு அந்த ஆலோசனை உண்டு. படுத்தால் 168 காட்டும், சிறுநீரகம் கசியும் ஒருவருக்கு அது பொருந்தாது. கூடுதல் உப்பு வேண்டாம், வழக்கமான உப்பு போதும் என்று மருத்துவர் முடிவு செய்தார்.

நின்றால் அழுத்தத்தை ஏற்றும் மிடோட்ரின் பற்றியும் பேசினார்கள். அது படுக்கும்போதைய அழுத்தத்தையும் ஏற்றும், புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரை அடைத்தும் விடலாம். மருந்தில்லாத வழிகளை முதலில் மூன்று மாதம் பார்ப்போம் என்று ஒத்திவைத்தார்கள்.

அந்த வழிகளில் நான் முதலில் தொட்டது படிக்கட்டை அல்ல, கட்டிலை. தலைப்பக்கக் கால்கள் இரண்டின் அடியிலும் இரண்டிரண்டு செங்கல், ஆறு அங்குல உயரம். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். கட்டிலே சரிவாக இருக்க வேண்டும். தட்டையாகப் படுத்தால் அழுத்தம் ஏறி, சிறுநீரகம் இரவெல்லாம் உப்பையும் நீரையும் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இவர் இரவில் நான்கைந்து முறை எழுந்துகொண்டிருந்தார். அந்தப் பழி முழுவதும் புராஸ்டேட் மேல் விழுந்திருந்தது. விடியும்போது உடம்பில் நீர் குறைந்து, காலைப் படிக்கட்டு மிக மோசமாக இருந்ததற்கு ஒரு காரணம் இது.

தண்ணீர் அடுத்தது. அரை லிட்டரை மூன்று நான்கு நிமிடத்துக்குள் குடித்தால், தன்னியக்க நரம்பு பழுதானவர்களுக்கு அழுத்தம் ஏறத் தொடங்கி அரை மணி நேரத்தில் உச்சம் தொடும், ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும். இதயமும் சிறுநீரகமும் அதைத் தாங்கும் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே இதைச் சொன்னோம். காலையில் கீழே இறங்கும் முன்பும், கடைக்குப் போய்விட்டு வந்து ஏறும் முன்பும் இரண்டு பெரிய டம்ளர். படுக்கப் போகும் முன் இப்படிக் குடிக்கக் கூடாது.

தொடைவரை இறுக்கும் காலுறையைத் திருச்சி வெயிலில் யாரும் தொடர்ந்து போடப்போவதில்லை. வயிற்றில்தான் ரத்தம் அதிகம் தேங்குகிறது, காலை மட்டும் இறுக்குவதைவிட வயிற்றை இறுக்குவது பலன் தரும். பிரசவத்துக்குப் பிறகு போடும் வயிற்றுப் பெல்ட்டையே மருந்துக்கடையில் வாங்கினோம். படுத்தபடியே கட்டிக்கொண்டு எழுவது, படுக்கும் முன் கழற்றிவிடுவது. முதலில் கூச்சப்பட்டார். சட்டைக்குள் தெரியாது என்று கண்டதும் சரி என்றார்.

சாப்பாட்டில் ஒரே மாற்றம்: மதியம் ஒரே மூச்சில் சாப்பிடும் சோற்றைப் பிரித்து, பாதியை நான்கு மணிக்கு. பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுக்கு ரத்தம் போய், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அழுத்தம் கீழே இருக்கும். அந்த நேரத்தில் படி வேண்டாம் என்பது விதியானது. குளியல் வெதுவெதுப்பான நீரில், ஸ்டூலில் உட்கார்ந்து, மாலையில்.

படிக்கட்டில் செய்தது

வீட்டில் எல்லோரும் அவருக்குச் சொல்லிவந்தது, "வலி வந்தா அங்கேயே நில்லுங்க, மூச்சு வாங்கிட்டு அப்புறம் ஏறுங்க" என்பது. முழங்கால் வலிக்காரருக்கும் மூச்சிரைப்புக்காரருக்கும் அது நல்ல புத்திமதி. இவருக்கு அதுதான் ஆபத்து. ஏறும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. அசையாமல் நின்றால் அதுவும் நின்றுபோகும், தொடைக் குழாய்களோ இன்னும் விரிந்தே இருக்கும். அழுத்தம் இன்னும் சரியும். அவருக்கு வலி உச்சத்துக்குப் போனது ஏறும்போது அல்ல, திருப்பத்தில் நின்று இளைப்பாறிய ஒன்றிரண்டு நிமிடத்தில்தான்.

எனவே விதி இரண்டு: நகர்ந்துகொண்டிரு, இல்லாவிட்டால் உட்கார். நடுவில் அசையாமல் நிற்பது என்பது இல்லை.

ஏறும் முன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து அரை நிமிடம் குதிகாலை உயர்த்தி இறக்குவது, கை விரல்களை மடக்கி இறுக்கி விரிப்பது. எழுந்தவுடன் கால் வைக்காமல் கண் மங்குகிறதா என்று சற்றுப் பார்ப்பது. பிறகு ஐந்து படி, நிதானமாக, ஒவ்வொரு படிக்கும் வாய்விட்டு மூச்சு விட்டபடி. இவர் கைப்பிடியைத் தோள் உயரத்தில் பற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை இழுக்கும் பழக்கம் உள்ளவர். மூச்சை அடக்கி முக்கினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். கையை இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம், எண்களைச் சத்தமாக எண்ணவைத்தோம். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது.

ஐந்தாவது படியில் நிற்க நேர்ந்தால் சும்மா நிற்காமல் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி, பத்து எண்ணி, விட்டு, மறுபடி இறுக்கித் தொடர வேண்டும். கால்களைக் கத்தரிபோல் பின்னி இறுக்குவது இன்னும் பலன் தரும், ஆனால் பாதத்தில் உணர்வு குறைந்தவர் படிக்கட்டில் அதைச் செய்தால் விழுவார். அதைத் திருப்பத்தில் மட்டும், கைப்பிடியைப் பிடித்தபடி வைத்துக்கொண்டோம். கழுத்தில் வலியின் முதல் அடையாளம் தெரிந்தால் பேச்சே இல்லை, அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

இங்கேதான் பெரிய தடை வந்தது, மருத்துவத்தில் அல்ல. படியில் உட்கார மாட்டேன் என்றார். தையற்கடைக்கு வருபவர்கள் பார்ப்பார்களாம். முப்பது வருடம் ஓடுகிற வண்டியில் நின்றே டிக்கெட் கிழித்த மனிதர். ஸ்டூல் சரி, படி கூடாது. மனைவிதான் வழி கண்டார். திருப்பத்தில் ஒரு துளசித் தொட்டியை வைத்து, ஸ்டூலை அதன் அருகே போட்டார். அங்கே உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? பிறகு ஏழாவது படியில் உட்காரவும் பழகிவிட்டார்.

மறுபக்கமும் கைப்பிடி வைத்தார்கள். படி விளிம்புகளில் மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். கால் மரத்தவருக்கு விளிம்பைக் கண்தான் சொல்ல வேண்டும். அறையில் உட்கார்ந்து மிதிக்கும் சிறிய பெடல், படுத்து இடுப்பைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது என்று தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பயிற்சி. எல்லாமே படுத்தோ உட்கார்ந்தோ தொடங்கியவை. நின்று செய்யும் பயிற்சி முதல் மாதத்தில் இல்லை. அனுப்பிய சீட்டில் இருந்த கழுத்துப் பயிற்சியைத் தொடவே இல்லை. பட்டையையும் கழற்றினோம்.

பிறகு நடந்தது

முதலில் மாறியது இரவு. சில நாட்களிலேயே எழுவது இரண்டு முறையாகக் குறைந்தது. சவரம் செய்யும்போது வலி வருவது (அதற்கும் ஸ்டூல்தான்) அடுத்து நின்றது. மாலையில் படியேறுவது ஆறு வாரத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் ஆனது. காலைதான் பிடிவாதமாக இருந்தது.

மே மாதக் கத்திரி வெயிலில் ஒரு பின்னடைவு. வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சற்றுத் தேறியதும் ரேஷன் கடைக்குப் போய்விட்டு, தண்ணீர் குடிக்காமல், பெல்ட்டும் இல்லாமல் ஏறியிருக்கிறார். எட்டாவது படியில் கழுத்து பிடித்தது, கண் இருண்டது. உட்காரப் பழகியிருந்ததால் சரிந்து உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு சிராய்ப்பு மட்டும். மருமகள் தூக்கி நிறுத்தப் போனார், மனைவி விடவில்லை. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கி, தையற்கடை பெஞ்சில் படுக்கவைத்துக் காலைத் துணிமூட்டை மேல் தூக்கி வைத்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள்: 142. தாழ்சர்க்கரை இல்லை என்று உறுதியானது. இந்த நரம்புக் கோளாறில் சர்க்கரை விழும்போது வரும் படபடப்பும் வியர்வையும் தெரியாமலே போகலாம் என்பதால், அந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அதற்குப் பிறகு, கீழ்த்தளத்தைக் காலி செய்து அப்பாவைக் கீழேயே வைத்துவிடலாம் என்றார் மகன். வாடகைதான் தன் கைச்செலவு, அதை விடமாட்டேன் என்றார் அப்பா. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடையின் பின்னறையில் துணி அடுக்கியிருந்த இடத்தை ஒதுக்கி ஒரு சாய்வு நாற்காலி போடுவது, காலையில் இறங்கினால் மாலைவரை கீழேயே இருப்பது என்று பேசி முடித்தார்கள். மதியம் தட்டையாகப் படுக்காமல் சாய்ந்தே இருப்பதால் அழுத்தமும் ஏறுவதில்லை. ஒரு நாளில் ஏறுவது நான்கைந்து முறையிலிருந்து ஒன்றிரண்டாகக் குறைந்தது. இந்த ஏற்பாட்டின் பங்கு எந்தப் பயிற்சிக்கும் குறைந்ததல்ல என்பது என் கணிப்பு.

மூன்று மாத முடிவில் காலை அளவு: படுத்தால் 156/86, நின்ற மூன்றாவது நிமிடத்தில் 126/76. சரிவு இன்னும் 30, நரம்பு குணமாகிவிடவில்லை. ஆனால் நிற்கும்போதைய அளவு கழுத்துத் தசைக்குப் போதுமான இடத்துக்கு வந்திருக்கிறது. காலையில் ஏற நேர்ந்தால் கடைசி மூன்று நான்கு படிகளில் லேசான வலி இருக்கிறது. விரதம் இருக்கும் அமாவாசை நாட்களில் திரும்பி வருகிறது. மொட்டைமாடிக்கு இன்னும் போகவில்லை. அங்கே திருப்பமும் இல்லை, உட்கார இடமும் இல்லை.

இனி மாற்றுவது

நின்றால் வந்து படுத்தால் போகும் கழுத்து, தோள் வலி என்று ஒருவர் சொன்னால், எக்ஸ்ரேக்கு முன்பே படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. நாடியையும் சேர்த்தே எழுத வேண்டும். நாடி இல்லாத அளவு பாதி விவரம்தான். அளக்கும் நேரம் காலையாக இருக்க வேண்டும். இவரையே மாலை ஐந்து மணிக்கு அளந்தபோது சரிவு ஏறக்குறைய பாதிதான் இருந்தது. மாலை நேர வெளிநோயாளி வரிசையில் மட்டும் பார்க்கப்படுபவர்களுக்கு இது கண்ணில் படாமலே போகலாம்.

மருந்துச் சீட்டுகள் எத்தனை இருந்தாலும் ஒரே தாளில், மாற்றிய தேதியோடு எழுதிவைக்கச் சொல்கிறேன். புராஸ்டேட் மாத்திரையையும் கால் எரிச்சல் மாத்திரையையும் யாரும் பிரஷர் மாத்திரை என்று நினைப்பதில்லை, சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், விரதம் ஆகிய நாட்களுக்குத் தனி விதி முதல் வாரத்திலேயே எழுதித் தர வேண்டும்: அன்று படி இல்லை, மருந்து பற்றி மருத்துவருக்கு ஒரு போன்.

இவர் விஷயத்தில் மிடோட்ரின் பற்றிய கேள்வி மூடப்படவில்லை. அடுத்த கோடைக்கு முன் 24 மணி நேர அழுத்தப் பதிவு எடுத்து, இரவில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்த பிறகு நரம்பியல் மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை செங்கல், தண்ணீர், பெல்ட், ஸ்டூல் நான்கும் தொடர்கின்றன.